தலைவாசல் அவள் பாகம்

நீங்கள் தலைவாசலைத் தட்டியது எனக்குக் கேட்டது, தம்பி. கேட்டும் எழுந்து வரவில்லை. மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கதவு என்னுடையதன்று. அதைத் திறக்க எனக்கு உரிமை இல்லை. சந்து வழியாகச் சுற்றி வந்து இங்கே நின்று "ஐயா" என்று கூப்பிட்டீர்களே, இந்தப் பின்வாசல் என்னுடையது. இங்கே யார் கூப்பிட்டாலும் வருவேன். உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள்.

வங்கியில் வேலை, மாற்றலாகி வந்திருக்கிறீர்கள், மனைவி அடுத்த மாதம் வருவார். நல்லது. சாவியைப் பொன்னரசி கொடுத்தாளா? அவள் என் தங்கை மகள். இந்த வீட்டின் முன்பாதி அவளுடையது, பின்பாதி என்னுடையது. "பின்னால மாமா இருக்காரு, தண்ணி வெளிச்சமெல்லாம் அவரிட்ட கேட்டுக்கிடுங்க" என்று சொல்லியிருப்பாள். மாமா என்றுதான் சொன்னாளா? சரி. சரி.

தண்ணீர் நன்றாக வரும். கிணறு என் பாகம்; இருந்தாலும் நீங்கள் இறைத்துக்கொள்ளலாம்.

ஒன்று கேட்கலாமா? சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எதற்காகக் கதவைத் தட்டினீர்கள்? ஓ, உங்கள் அம்மா சொல்லிக் கொடுத்ததா? ஆள் இல்லாத வீட்டைத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும், உள்ளே இருப்பது விலகி வழிவிடும் என்று எங்கள் பக்கத்திலும் சொல்வார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. பணிக்காலம் முழுவதும் தமிழாசிரியராக இருந்தவன் நான். பேய் என்பதைப் பெயர்ச்சொல் என்ற அளவில் ஒப்புக்கொள்வேன்; அதற்கு மேல் இல்லை.

அந்தப் பாதியில் பேய் கிடையாது. கதவு தட்டும் ஓசை மட்டும் கேட்கும். எனக்குக் கேட்கும். முன்பு குடியிருந்த இரண்டு குடும்பத்தாருக்கும் கேட்டதில்லையாம். இரண்டாவதாக இருந்தவர் காலி செய்யும்போது என்னிடம் வருத்தப்பட்டுக்கொண்டார். "நீங்க பொழுதன்னைக்கும் சொவரத் தட்டி, வாசல்ல ஆளு நிக்கி, போய்த் தொறங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தா எங்க வீட்டுப் பொம்பளை எப்பிடி சார் இங்க இருப்பா?" என்றார். வாசலில் ஆள் நின்றால் சொல்லாமல் இருக்க முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

பொறுங்கள். சற்றுப் பேசாமல் இருங்கள்.

இல்லை. காற்று. சாரல் தொடங்கிவிட்டது. தென்காசிக் காற்றை நீங்கள் இனிமேல்தான் பார்ப்பீர்கள். மலையிலிருந்து இறங்கி, திறந்திருக்கும் வீட்டுக்குள் எல்லாம் புகுந்து வெளியேறும்.

எங்கள் அப்பா இறந்ததும் இப்படிப்பட்ட ஓர் ஆனி மாதத்தில்தான். உடலைக் கூடத்தில் கிடத்தித் தலைமாட்டில் விளக்கு ஏற்றியிருந்தோம். அது காற்றில் அணைந்து அணைந்து போயிற்று. அதனால் கதவைச் சாத்தினேன். நடந்தது இவ்வளவுதான். இதை நீதிமன்றத்திலும் மாற்றாமல் சொன்னேன்.

நீதிமன்றம் எங்கே வந்தது என்று பார்க்கிறீர்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

எனக்கு ஒரே தங்கை, உலகம்மாள். உலகு என்போம். அவள் எங்கள் ஆட்கள் அல்லாத ஒருவரை, மின்வாரியத்தில் இருந்த வேலாயுதம் என்பவரை, பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அப்பா, "அவ இந்த நடைய மிதிக்கப்படாது" என்றார். அப்பா சொன்னார், நான் சொல்லவில்லை. அந்த வேறுபாட்டை யாரும் கவனிப்பதில்லை. கடைசி நாள்களில் ஒருமுறை, "உலகு வந்தாளா?" என்று கேட்டார். அது காய்ச்சலில் கேட்டது. காய்ச்சலில் கேட்டதை வைத்து, தெளிவாக இருந்தபோது சொன்னதை மாற்ற முடியாது அல்லவா?

அப்பா போன அன்று யாரோ அவளுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். வந்திருக்கிறாள். கதவு சாத்தியிருந்தது. தட்டியிருக்கிறாள். உள்ளே அழுகைச் சத்தம், காற்றுச் சத்தம், யாருக்கும் கேட்கவில்லை. போய்விட்டாள். இதை அவள் பிற்காலத்தில் பெரிதாக்கிவிட்டாள்.

சில ஆண்டுகள் கழித்துப் பாகப்பிரிவினை வழக்குப் போட்டாள். அப்பா உயில் எழுதவில்லை. அம்மா முன்பே போய்விட்டாள். பிள்ளைகள் நாங்கள் இருவர். ஆளுக்குப் பாதி என்பது அவள் கேட்டது. நான் சொன்ன எதிர்வாதம், பதினாறாம் நாள் காரியத்தில் உறவினர் முன்னிலையில் அவள் தன் பாகத்தை விட்டுக்கொடுத்துவிட்டாள் என்பது. விட்டுக்கொடுத்தாளா என்று கேட்கிறீர்களா? அவள் அன்றைக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்காதது விட்டுக்கொடுத்ததுதானே? வந்தாளா என்பது வேறு வினா.

எதிர்வீட்டு ஆவுடையம்மாளைச் சாட்சிக்கு அழைத்தார்கள். மூக்குத்தியும் மடித்த கைக்குட்டையுமாகக் கூண்டில் ஏறினாள். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டைத் துட்டி வீடு என்போம். "துட்டி வீட்டுல கதவச் சாத்தி நான் பாத்தது அன்னைக்கு ஒரு நாள்தான் தாயி" என்று நீதிபதியைப் பார்த்துச் சொன்னாள். "நடுத்தெருவுல நின்னு அந்தப் பிள்ளை அழுதிச்சு. நான்தான் எங்க வீட்டுக்குக் கூட்டியாந்து தண்ணி குடுத்தேன். பொணத்தத் தூக்கும்போதும் எங்க சன்னல்லதான் நின்னா." என் வழக்கறிஞர் ஞானசிகாமணி, "உனக்குக் கண்பார்வை எப்படி?" என்று கேட்டார். "உன் சட்டையில பொத்தான் மாறிப் போட்டிருக்கியே, அது தெரியிது" என்றாள். நீதிமன்றமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

நீதிபதி இளம் பெண். என் மாணவி வயது. என்னைப் பார்த்து, "காற்றுக்குக் கதவைச் சாத்தினீர்கள். தாழ்ப்பாள் எதற்கு?" என்று கேட்டார்.

"சும்மா சாத்திய கதவைக் காற்றுத் தள்ளிவிடும், அம்மா."

"தட்டியது கேட்டதா?"

"கேட்கவில்லை."

கேட்டிருக்க வழியில்லை, தம்பி. உலகு விரல் முட்டியால் தட்டமாட்டாள். சிறு வயதிலிருந்தே உள்ளங்கையால்தான் தட்டுவாள். உள்ளங்கையால் தட்டினால் ஓசை கதவுக்கு உள்ளேயே அமுங்கிவிடும். அன்றும் அப்படித்தான். இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி. பிறகு ஒன்று. அந்த ஒன்று மட்டும் கீழேயிருந்து வந்தது, தாழ்ப்பாளுக்கும் மிகக் கீழே. படியில் உட்கார்ந்துவிட்டாள் போலிருக்கிறது. ஆவுடையம்மாள் சாட்சியத்தில் இதெல்லாம் வருகிறது. இல்லை, அவள் சாட்சியத்தில் இது இல்லை. வேறு யாரோ சொன்னார்கள்.

தீர்ப்பு வந்தது. ஆளுக்குப் பாதி. பாதி போனதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் பெரிய வருத்தமில்லை. தீர்ப்பின் நடுவில் ஒரு வாக்கியம் இருந்தது. அதுதான். சொல்கிறேன், கேளுங்கள். "தந்தையின் உடல் கிடந்த வீட்டின் கதவைச் சொந்தத் தங்கைக்கு எதிராகத் தாழிட்ட பிரதிவாதி, அதே தங்கை பதினாறாம் நாளில் அதே வீட்டுக்குள் வந்து தன் பாகத்தை விட்டுக்கொடுத்தாள் என்று கூறுவதை இந்நீதிமன்றத்தால் நம்ப இயலவில்லை."

பிரதிவாதி என்பது நான்.

அந்த வாக்கியத்தில் பிழை தேடினேன். ஒற்றுப்பிழைகூட இல்லை. அவ்வளவு சீராக யாரும் என்னைப் பற்றி எழுதியதில்லை. பணி நிறைவு விழாவில் வாசித்தளித்த மடலில் நான்கு பிழைகள் இருந்தன.

அதை நீக்க வேண்டும். மேல் நீதிமன்றத்தில் யாராவது ஒருவர், 'தங்கைக்கு எதிராக' என்பது தவறு, காற்றுக்கு எதிராகத்தான் என்று எழுதிவிட வேண்டும். அதற்குப் பிறகு முழு வீட்டையும் உலகுவுக்குக் கொடுத்தாலும் சம்மதம் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

நீதிமன்ற வளாகத்து வேப்பமரத்தடியில் ஞானசிகாமணி என்னைப் பிடித்துக்கொண்டார். "சார்வாள், இது முதல்நிலைத் தீர்ப்பாணை. பாகம் எவ்வளவுன்னு முடிவாயிட்டு. இனிமே கோர்ட்டு அனுப்புற கமிஷனர் வந்து எங்க கோடு போடணும்னு பாத்துச் சொல்லுவாரு, அதுக்கு அப்புறம் இறுதித் தீர்ப்பாணை. ஆனா அப்பீல் போடணும்னா இப்பமே போட்ரணும்."

"இறுதி வரட்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து மேல்முறையீடு செய்வோம்" என்றேன்.

"அப்பம் போட முடியாது சார்வாள். அப்பம் போனா, கோடு கோணலா இருக்குன்னு வேணா சொல்லலாம். பாதி உண்டா இல்லையாங்கறது இன்னையோட சரி. இதுக்கு அப்பீல் போடாம விட்டா, ஒத்துக்கிட்டதாத்தான் அர்த்தம்."

நான் அவருக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொன்னேன். "ஞானசிகாமணி, அரையாண்டுத் தேர்வில் தோற்ற மாணவனை எந்தப் பள்ளியாவது அதே வகுப்பில் நிறுத்தியதுண்டா? முழுஆண்டுத் தேர்வு என்று ஒன்று இருக்கிறதல்லவா? அரையாண்டு விடைத்தாளுக்கு யாராவது மறுகூட்டல் கேட்பார்களா?"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இங்க அரைப்பரீட்சையிலயே பாஸ் பெயில் போட்டிருவாங்க சார்வாள். முழுப்பரீட்சைங்கறது எந்த பெஞ்சுல உக்காரணும்னு சொல்லுறது மட்டும்தான்."

வழக்கறிஞர்கள் அவசரப்படுத்துவது தொழில் வழக்கம் என்று எண்ணினேன். முடியாத ஒன்றை எப்படி முடிந்தது என்று கொள்வது? நான் மேல்முறையீடு செய்யவில்லை. இறுதிக்காகக் காத்திருந்தேன்.

இறுதி வரவேண்டுமானால் உலகு ஒரு மனுப் போட வேண்டும். அவள் போடவில்லை. ஆண்டுகள் போயின. நான் பணி ஓய்வு பெற்றேன். என் மனைவி காலமானாள். உலகு மனுப் போடவில்லை. அவளுடைய வழக்கறிஞர் ஞானசிகாமணியிடம் சொன்னாராம்: "அந்தம்மா மாட்டேங்காவ. அண்ணன் கதவத் தொறக்கட்டும், அதுக்கு அப்புறம் கோடு எதுக்குங்காவ." எதிர்த்தரப்பின் தந்திரம் என்று நான் புரிந்துகொண்டேன். என்னை எதற்கோ ஒப்புக்கொள்ளவைக்கப் பார்க்கிறாள், அசையக்கூடாது.

ஒவ்வோர் ஆனியிலும் அப்பாவின் திதியன்று அவள் இந்தத் தெருவுக்கு வருவாள். ஆவுடையம்மாள் வீட்டு நிழலில் சற்று நேரம் நின்று இந்தக் கதவையே பார்த்துவிட்டுப் போவாள். நான் சன்னல் கதவின் இடுக்கு வழியாகக் கவனிப்பேன். சொத்தைப் பார்வையிட வருகிறாள். மேல்முறையீட்டில் பயன்படும் என்று மனத்தில் வைத்துக்கொண்டேன். ஒரு முறை கையில் பூச்சரம் வைத்திருந்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டு, திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். கீழே வைத்திருக்கலாம். படி யாருக்கும் பாகமாகாமல் பொதுவாகத்தான் அப்போது இருந்தது.

பிறகு அவள் இறந்துவிட்டாள்.

பொன்னரசி ஆள் அனுப்பினாள். வழக்கு நிலுவையில் இருக்கும்போது எதிர்த்தரப்பார் வீட்டுக்குப் போவது முறையா என்ற ஐயம் எனக்கு இருந்தது, இருந்தாலும் போனேன். எதிர்ப்பக்கம் நின்றேன். அவர்கள் வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. இரண்டு கதவையும் பின்னுக்குத் தள்ளி, காற்றில் அடிக்காதபடி கதவுக்கொரு செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். தலைமாட்டு விளக்கைச் சுற்றித் தகரத்தை வளைத்து மறைப்பு வைத்திருந்தார்கள். எளிய ஏற்பாடு. எனக்கு அது அன்றைக்குத் தோன்றாமற் போயிற்று.

பொன்னரசி வெளியே வந்து, "உள்ள வாங்க மாமா" என்றாள். யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் உள்ளே போயிருப்பேன். உள்ளே இருந்தவர்கள் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்கள்; அதை நான் எதிர்பார்க்கவில்லை. "எனக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். நேரம் ஆகத்தான் செய்தது.

அதன் பிறகு பொன்னரசி தாயின் இடத்தில் வாதியாகச் சேர்ந்து, அந்த மனுவைப் போட்டாள். நீதிமன்றம் அனுப்பிய கமிஷனர், அளவையர் ஒருவருடன் நாடாவும் சுண்ணாம்புக்கட்டியுமாக வந்தார். வீட்டை எப்படிப் பிரிக்கலாம் என்று இருவரையும் கேட்டார். பொன்னரசி கூடத்தைப் பார்க்கவில்லை, கிணற்றைப் பார்க்கவில்லை. நேரே போய்த் தலைவாசல் கதவின்மேல் உள்ளங்கையை வைத்தாள். "இது எங்க அம்மா பாகத்துல வரணும் சார். வேற எது கொறைஞ்சாலும் பரவால்ல. கெணறு மாமாவுக்கே இருக்கட்டும்" என்றாள்.

"சார்வாள், ஆட்சேபணை உண்டா?" என்று கமிஷனர் கேட்டார்.

"எல்லாவற்றையும் இறுதியில் சொல்லிக்கொள்கிறேன்" என்றேன்.

இறுதித் தீர்ப்பாணை வந்த அன்று எனக்கு மகிழ்ச்சி. சிரிக்காதீர்கள். சட்டையை இஸ்திரி போட்டு அணிந்துகொண்டு ஞானசிகாமணியிடம் போனேன். மனிதர் மூத்துப்போயிருந்தார், கைத்தடி வைத்திருந்தார். "முழுஆண்டு முடிவு வந்துவிட்டது. மேல்முறையீடு போடுங்கள்" என்றேன்.

படித்துப் பார்த்தார். "எதுக்குப் போட? கதவு அவங்க பக்கம் போயிட்டுன்னா?"

"கதவு போகட்டும். வீடும் போகட்டும். முதல் தீர்ப்பில் அந்த ஒரு வாக்கியம் இருக்கிறதே..."

"சார்வாள்." கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நான் அன்னைக்கு மரத்தடியில என்ன சொன்னேன்? அது அன்னையோட முடிஞ்சு போச்சு. இன்னைக்கு எந்தக் கோர்ட்டும் அதத் தொறந்து பாக்காது. இன்னொண்ணும் கேட்டுக்கிடுங்க. ஒரு வரிய மட்டும் புடிச்சுக்கிட்டு அப்பீல் போகவும் முடியாது. தீர்ப்பாணைமேலதான் போகணும். அந்த வரிய அழிக்கணும்னா, அன்னைக்கே பாதி வீட்டுக்குச் சண்டை போட்டிருக்கணும்."

"அப்படியென்றால் அது அப்படியே இருக்குமா?"

"இருக்கும் சார்வாள்."

"எவ்வளவு காலத்துக்கு?"

அவர் எனக்குக் காப்பி சொன்னார். என்னிடம் படித்தவரில்லை அவர். படித்திருந்தால், கேட்ட வினாவுக்கு விடை சொல்லாமல் இருந்திருக்கமாட்டார். நான் எழுந்தபோது மட்டும், "அந்தம்மா இருந்தவரைக்கும் நேரம் இருந்துச்சு சார்வாள்" என்றார். அவர் சட்டம் பேசவில்லை என்று எனக்குத் தெரிந்தது. வேறு எதைப் பேசினார் என்பதை நான் கேட்கவில்லை.

பிறகு நடுவில் இந்தச் சுவர் எழுந்தது. நீதிமன்ற அமீனா வந்து சாவியை வாங்கிப் பொன்னரசியிடம் கொடுத்தார். அன்று பிற்பகல்தான் முதன்முதலாகத் தட்டும் ஓசை கேட்டது. இரண்டு தட்டு. இடைவெளி. கீழேயிருந்து ஒன்று. முன்பு, கதவு என்னிடம் இருந்த காலமெல்லாம், ஒரு நாளும் கேட்டதில்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை, தம்பி. திறக்க முடிந்த நாளில் தட்டாமல் இருந்துவிட்டு, நீதிமன்றம் கதவை என்னிடமிருந்து எடுத்துக்கொண்ட பிறகு தட்டினால் நான் என்ன செய்வேன்? அத்துமீறி நுழைந்தேன் என்று அதற்கும் ஒரு வாக்கியம் எழுதுவார்கள்.

இந்தச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறேன். படியில் யாரும் இருக்கமாட்டார்கள். ஆவுடையம்மாள் தன் வாசலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். "என்ன சார்வாள், யாரத் தேடுதீரு?" என்பாள். "காற்று" என்பேன். "அன்னைக்கும் காத்துன்னுதான் சொன்னீரு" என்பாள். அவ்வளவு வயதாகியும் நாக்கு மட்டும் தேயவில்லை.

போகிறீர்களா? நேரமாயிற்று, ஆம். வீட்டைப் பாருங்கள். கூடம் நல்ல வெளிச்சம். அப்பாவைக் கிடத்திய இடத்தில் சிமெண்டு சற்றுப் பள்ளமாக இருக்கும். பாய் விரித்தால் தெரியாது.

ஒரே ஒரு வேண்டுகோள். சாவி உங்கள் கையில் இருக்கிறது. பொன்னரசியின் சம்மதமும் இருக்கிறது. சட்டப்படி அந்தக் கதவைத் திறக்கக்கூடியவர் இந்தத் தெருவில் இப்போது நீங்கள் ஒருவர்தாம். திறந்தவுடன் உள்ளே போய்விடாதீர்கள். இரண்டு கதவையும் அகலத் தள்ளி, முட்டுக் கொடுத்துவிட்டுச் சற்று ஒதுங்கி நில்லுங்கள். ஓர் ஆள் நுழைகிற நேரம் போதும். இப்போது அங்கே விளக்கு எதுவும் இல்லை. காற்று வந்தால் வரட்டும். அதன் பிறகு நீங்கள் குடிவருவதும் வராததும் உங்கள் விருப்பம்.

நான் எதிரே வந்து நிற்கக்கூடாது. அது அவள் பாகம். ஆனால் நடுவில் இருக்கிற இந்தச் சுவர் பொதுச்சுவர். இரு தரப்பாருக்கும் உரிமை என்று இறுதித் தீர்ப்பாணையிலேயே இருக்கிறது. அதை எதிர்த்து யாரும் மேல்முறையீடு செய்யவில்லை. நான் நாற்காலியை இதன் ஓரமாகப் போட்டுக்கொள்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து தட்டினால் எனக்குக் கேட்கும்.

உள்ளங்கையால் தட்டினாலும் கேட்கும்.